பச்சிலை பறித்தவருக்கும் படியளந்த பெருமாள்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கலக்குமிடம் திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் அமைந்த இத்தலத்தில் அப்பன் வேங்கடேசப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். பொங்கலையொட்டிய பார்வேட்டை உற்சவத்தில் காஞ்சி வரதர் இங்கு எழுந்தருளுவதைப் பல அன்பர்கள் சேவித்திருப்பர். ஆயினும் இக்கோயிற் சுவரில் உள்ள நெடிய சோழர் கல்வெட்டின் முன் நின்றவர் சிலராகவே இருப்பர்.

வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்தது அக்கல்வெட்டு. கோயிலைச் சார்ந்து ஒரு வேதபாடசாலையும், மாணாக்கர் தங்கி உண்ணும் விடுதியும், பிணியாளர் படுத்திருக்க 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலசாலையும் நடந்தன என்று அது தெரிவிக்கிறது. ‘வீரசோழன்’ என்பது அம்மருத்துவமனையின் பெயர். பாடசாலையில் ஓதுவித்தவர்களும் ஓதியவர்களும், பெருமாளுக்குத் தொண்டு செய்த கோயிற் பணியாளர்களும் நோயுற்றபோது இங்கே பேணப்பட்டனர்.

மருத்துவர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். ஆண்டொன்றுக்கு அவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் அளிக்கப்பட்டன. அறுத்து ஆற்றும் சல்லியக்கிரியை செய்பவருக்கு 30 கலம். மருந்துக்குரிய மூலிகைகளைக் கொணர்ந்து, விறகிட்டு, மருந்து காய்ச்சிய இருவருக்கு 60 கலம் நெல்லும் 2 காசும். பிணியாளரைக் கவனித்த பெண்டிர் இருவருக்கும் ஒரு நாவிதருக்கும் தனித்தனியே நிவந்தம் உண்டு.

இக்கணக்கைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பச்சிலை பறித்துவந்த ஒருவருக்குக் கிடைத்தது 30 கலம். அறுவை செய்தவர் பெற்ற நெல்லும் அதே அளவு. காட்டிலும் ஆற்றங்கரையிலும் அலைந்து வேர் தோண்டுபவரின் அறிவு கத்தி பிடித்தவரின் திறத்துக்குக் குறைந்ததன்று என்றே கோயில் மதித்திருக்கிறது. மருத்துவரின் பெயரையும் ஊரையும் பொறித்த கல்லில் இவ்விருவர் பெயரும் இல்லை என்பது மட்டும் ஒரு குறை.

அவர்கள் அறிந்திருக்க வேண்டியது சிறிதன்று. ஆதுலசாலையில் ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளையும் கல்வெட்டு பட்டியலிடுகிறது. அவற்றில் வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, பல்லாதக ஹரீதகி என நான்கு உள்ளன. ஹரீதகி என்பது வேறொன்றுமில்லை, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அருகே இருந்த கடுக்காய்தான். கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் இடித்து, மாலையில் உட்கொள்ளக் கொடுத்த பாட்டிமார்கள் இன்றும் பலர் நினைவில் இருப்பர். வாசா என்பது இருமலுக்குக் கைகண்ட ஆடாதோடை.

தசமூலமோ பத்து வேர்களின் கூட்டு. வில்வம், பாதிரி, குமிழ் போன்ற மரங்களும், கண்டங்கத்திரி, நெருஞ்சில் போன்ற தரையில் படரும் முட்செடிகளும் அதில் அடங்கும். வில்வத்தைச் சிவனுக்குரிய இலையாகவே நாம் அறிவோம். அதன் வேரோ பெருமாள் கோயில் மருந்துக்கு உதவியிருக்கிறது. பாதிரி, திருப்பாதிரிப்புலியூரின் தல விருட்சம். இலை உதிர்ந்த கோடையிலும் மரத்தை இனங்காணவும், வேரை எடுத்தபின் மரம் பிழைத்திருக்கவும் தெரிந்தவரே இப்பணிக்கு உரியவர். அவ்வறிவு ஏட்டில் எழுதப்படுவதைவிட, தந்தை பின்னால் மகன் நடந்து கற்பது.

பல்லாதகம் என்பது சேராங்கொட்டை. இதன் பால் பட்டாலே மேனி கொப்பளிக்கும். முறைப்படி சுத்தி செய்த பிறகே அது மருந்தாகும். ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு இன்று சிலர் தாமே அரைத்து உண்பது அச்சத்துக்குரியது. காய்ச்சுவதற்கென்றே ஆள் வைத்து நெல் அளந்த பழைய ஏற்பாட்டின் பொருள் இதுவே. முதியோர் வேறு மருந்துகள் உட்கொண்டு வருவாராயின், கடுக்காயைக்கூட மருத்துவரைக் கேட்டே எடுத்துக்கொள்வது நலம்.

பட்டியலில் பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலமும், வில்வாதி கிருதமும், பல காலம் வைத்துப் பழக்கிய புராண கிருதம் என்னும் பழநெய்யும் காணப்படுகின்றன. திருமுக்கூடல் ஒன்றில் மட்டும் இவ்வழக்கம் இருந்ததன்று. திருவரங்கத்தில் ஆரோக்கியசாலை இருந்ததையும், அது பின்னாளில் புதுப்பிக்கப்பட்டதையும் கல்வெட்டு உரைக்கிறது. அங்கே தன்வந்திரி சந்நிதி இன்றும் சேவைக்கு உரியதாக விளங்குகிறது.

திருமுக்கூடல் கோயில் இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அடுத்த முறை செல்லும் அன்பர்கள், பெருமாளைச் சேவித்தபின் சுவரருகே சிறிது நிற்கலாம். பிணியாளருக்கான அரிசியும், மருந்துகளும், ஆதுலசாலையில் இரவு முழுதும் எரிய வேண்டிய ஒரு விளக்குக்கான எண்ணெயும் அங்கே கணக்கு வைத்துப் பொறிக்கப்பட்டுள்ளன.