மருந்துக்கு ஒரு முகவரி

தாராவியின் சந்துகளில் கடிதம் கொண்டு செல்லும் தபால்காரரை நேயர்கள் அறிவீர்கள். கதவிலக்கம் இல்லாத வீட்டையும் அவர் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். அங்ஙனமின்றி, ஒருவருக்கு வந்த கடிதத்தை நூறு படி எடுத்து வீடுதோறும் வீசிச் சென்றால் எப்படியிருக்கும்? நாம் கொள்ளும் மருந்துகளிற் பெரும்பாலானவை இவ்வாறுதான் உடலெங்கும் பரவுகின்றன.

மாதுங்காவில் வாழும் ஓர் அம்மையார், பரேலில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் தம் தங்கையைக் குறித்து அண்மையில் நம்மை வினவினார். "ஐயா, கட்டி இருப்பது மார்பில், தலைமயிர் ஏன் உதிர்கிறது? கண்ணுக்குத் தெரியாத பொறிகள் உடலுக்குள் சென்று நோயை மட்டும் அழிக்குமாமே. அதுவரை இந்த மருந்தை நிறுத்திவைக்கலாமா?" என்றார்.

முதற் கேள்விக்கு விடை எளிது. விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிப்பதே அம்மருந்தின் தொழில். மயிர்க்காலின் உயிரணுக்களும் விரைந்து பெருகுவன. மருந்து வேறுபாடு அறியாது.

மருந்துக்கு முகவரி எழுதும் முயற்சி பல படிகளைக் கடந்துள்ளது. டாக்ஸோரூபிஸின் என்னும் மருந்தை, மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள கொழுப்புக் குமிழ்களில் அடைத்துச் செலுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. இதனால் இருதயத்திற்கு நேரும் கேடு குறைந்தது.

செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் ஈரற் புற்றுக்கென இட்ரியம்-90 கலந்த கண்ணாடி நுண்மணிகளை உருவாக்கியுள்ளனர். நலமான ஈரல் பெரும்பாலும் சிரை வழியாகவும், கட்டியோ பெரும்பாலும் தமனி வழியாகவும் இரத்தம் பெறுகின்றன. ஆகவே தமனியிற் செலுத்திய மணிகள் கட்டியிலேயே மிகுதியாகத் தங்குகின்றன. அவற்றின் கதிர்கள் சில மில்லிமீட்டர் தொலைவே பாயும். ஏறத்தாழ 64 மணி நேரத்தில் வீரியம் பாதியாகும்.

இனி, அம்மையார் கேள்வியுற்ற நுண்பொறிகள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அம்பரீஷ் கோஷ் குழுவினர், இரும்புப் பூச்சுடைய சிலிக்கா திருகுகளை ஆக்கினர். அவற்றிற்கு மூளையுமில்லை, எஞ்சினுமில்லை. வெளியே காந்தப் புலத்தைச் சுழற்றினால், மரத்தில் ஏறும் திருகாணிபோற் சுழன்று முன்னேறும். பல்லின் நுண்குழல்களில் ஒளிந்துள்ள கிருமிகளை வெப்பத்தால் அழிக்க இவற்றைப் பயன்படுத்தலாம் என 2022-இல் வெளியிட்டனர். பிடுங்கிய பற்களில் அவை 2 மில்லிமீட்டர் ஆழம் வரை சென்றன. எலிகளிடத்தும் சோதனை நடந்தது.

குமிழும் மணியும் மருத்துவமனைக்கு வந்துவிட்டன. திருகுகளோ புற்றுநோய்க்குரிய சிகிச்சையாக இன்னும் வரவில்லை. 'நானோ' என்ற சொல்லை விளம்பரத்திற் கண்டால், இரண்டு கேள்விகளை வைத்தியரிடம் கேட்டல் நலம்: இது மனிதரிடத்துச் சோதிக்கப்பெற்றதா? இந்நோய்க்கென அரசின் அனுமதி பெற்றதா?

அம்மையாருக்கு நாம் கூறிய விடையும் இதுவே: "நாளை வரும் தபாலுக்காக இன்றைய மருந்தை நிறுத்த வேண்டா. ஐயம் எதுவாயினும் வைத்தியரிடமே கேளுங்கள். சிகிச்சை முடிந்தபின் மயிர் பெரும்பாலும் மீண்டும் வளரும். நோய்க்குக் கொடுத்த காலமோ மீளாது." மறுவாரம் இருவரும் பரேலுக்குச் சென்றனர் என்று அறிந்தோம்.