டொமைன் யாருடைய பெயரில் இருக்கிறது?

கடந்த வருடம் எமது பாடசாலையின் பழைய மாணவர் சங்க இணையத்தளம் ஒருநாள் திடீரென மறைந்துபோனது. அமைத்துக் கொடுத்தவரின் தொலைபேசியும் இயங்கவில்லை. தேடிப் பார்த்தபோதுதான் டொமைன் பெயர், ஹோஸ்டிங் கணக்கு இரண்டும் அவருடைய பெயரிலேயே இருந்தது தெரியவந்தது. நாங்கள் வருடாவருடம் காசு மட்டும் கட்டியிருக்கிறோம். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் சேமிக்கப்பட்டிருந்த பிரதிகளிலிருந்து அதிபர்களின் வரலாற்றை மீட்டெடுத்தோம். புகைப்படங்களில் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை.

புதிதாக அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விலைமனு கேட்டால் எல்லோரும் அளவற்ற இடம், நூறு மின்னஞ்சல் கணக்கு என்றார்கள். எமது தளத்துக்கு அவை எதற்கு? அது நிலையான தளம். அதாவது, எழுதி வைத்த பக்கங்களும் படங்களும்தான். வருபவர் கேட்கும் கோப்பை சேர்வர் அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. வேர்ட்பிரஸ் தளத்தைப் போல பின்னால் தரவுத்தளம் இல்லை, பூட்டுடைத்து நுழைய லொகின் பக்கமும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 120 படங்கள், ஒவ்வொன்றும் 300 கிலோபைட் என்றால் 36 மெகாபைட். ஒருவர் ஒரு தடவையில் 2 மெகாபைட் பார்க்கிறார் என்று வைத்தால், மாதம் ஆயிரம் பேர் வந்தாலும் 2 கிகாபைட்தான். கிட்ஹப் பேஜஸ் சேவை இலவசமாகவே 1 கிகாபைட் வரையான தளத்தை ஏற்கிறது. மாதத்துக்கு 100 கிகாபைட் வரை அனுப்ப அனுமதிக்கிறது. கிளவுட்ஃபிளேர் பேஜஸும் இலவசம்தான். ஆனால் அதில் ஒரு கோப்பு 25 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது. ஸ்கேன் செய்த ஆண்டு மலர்கள் சில அதைத் தாண்டியதால் நான் கிட்ஹப்பைத் தெரிவு செய்தேன். இரண்டிலும் சொந்த டொமைனை இணைக்கலாம், பாதுகாப்புச் சான்றிதழுக்கும் காசில்லை.

ஒரு விடயத்தில் கவனம் தேவை. கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் தளத்தின் கோப்புகள் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்கும். அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசிப் பட்டியல் போன்றவற்றை அதற்குள் போட்டுவிடாதீர்கள். கடை நடத்தவும் அங்கே அனுமதியில்லை. இணையவழிப் பணம் பெறுதல், அங்கத்தவர் லொகின் என்றெல்லாம் தேவைப்படும் சங்கங்கள் காசு கட்டித்தான் ஆகவேண்டும்.

வெளிநாட்டு ஹோஸ்டிங்குக்கு டொலரில் கட்டுபவர்களுக்கு 2022 ஞாபகமிருக்கும். ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. அதே சேவை, அதே இடம், கட்டணம் மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இலவச சேவையில் அந்தத் தலையிடி இல்லை. ஆனால் இலவசமாகத் தருபவர் நாளை நிறுத்தவும் கூடும். யாஹூ 2009இல் ஜியோசிட்டீஸை மூடியபோது ஏராளமானோரின் பக்கங்கள் அப்படித்தான் போயின.

அதனால்தான் ஹோஸ்டிங்கைவிட டொமைனைப் பற்றி அதிகம் யோசித்தேன். கோப்புகளின் பிரதி கையில் இருந்தால், நிலையான தளத்தை இன்னொரு சேவைக்கு மாற்ற ஒரு பின்னேரம் போதும். டொமைன் இன்னொருவர் கையில் இருந்தால், எத்தனை பிரதி இருந்தும் பழைய முகவரிக்கு வருபவர்களை உங்களால் அழைத்துவர முடியாது. இம்முறை .எல்கே டொமைனைச் சங்கத்தின் பெயரிலேயே பதிந்தோம். புதுப்பித்தல் அறிவித்தல் செயலாளரின் சொந்த மின்னஞ்சலுக்குப் போகாமல், சங்கத்துக்கென்று திறந்த கணக்குக்கு வருகிறது. செயலாளர் நாளை கட்டார் போனாலும் பரவாயில்லை. கடவுச்சொல் மூவரிடம் உண்டு. கோப்புகளின் பிரதியொன்று பாடசாலை நூலகத்தில் பென் ட்ரைவில் இருக்கிறது.

தளம் இப்போது இயங்குகிறது. புகைப்படப் பக்கத்தில் மட்டும் பல இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. பழைய அல்பங்கள் வைத்திருப்பவர்களின் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறோம்.