கோலமும் சமச்சீரும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் மார்கழி பிறந்துவிட்டால் வைகறையில் வாயில்தோறும் மாக்கோலம் விளங்கும். தமிழர் கோலம் என்பதைத் தெலுங்கர் முக்குலு என்பர். பெயர் இரண்டாயினும் முறை ஒன்றே: முதலில் ஒழுங்கான புள்ளிகள், பின்னர் அவற்றை இணைத்தோ சூழ்ந்தோ செல்லும் கோடுகள். சமச்சீர் பற்றிய பாடத்தைத் தொடங்க இதனினும் எளிய சாதனம் ஆசிரியர்க்குக் கிட்டுவது அரிது.

ஆயினும், அழகிய கோலம் எதனையும் “நடுவில் மடித்தால் பொருந்தும்” என்று மாணவர் கூறிவிடுவது இயல்பு. கண் ஏமாறக்கூடும், ஆதலின் செய்து பார்த்தே துணிதல் வேண்டும்.

கட்டமிட்ட தாளில் இரண்டு உருவங்களை வரையச் செய்க. ஒன்று, நான்கு இதழ்கள் கொண்ட பூ. மற்றது, நான்கு கைகளும் வலப்புறமாக வளைந்த காற்றாடி. இரண்டையும் எண்ணெய் தடவிய மெல்லிய தாளில் படியெடுக்கச் செய்க. பூவை நான்கு கோடுகளில் மடிக்கலாம். ஒவ்வொரு முறையும் பாதிகள் பொருந்தும். இஃது எதிரொளிப்புச் சமச்சீர். காற்றாடியோ எக்கோட்டில் மடித்தாலும் பொருந்தாது. ஆனால், படியை மூலத்தின்மேல் வைத்து, நடுவே குண்டூசி குத்தி 90 பாகை திருப்பினால் முற்றும் பொருந்தும். இது சுழற்சிச் சமச்சீர். பூ இவ்விரு சோதனைகளிலும் தேறும்.

இனி, காற்றாடியின் படியை மறுபக்கம் புரட்டி வைக்க. கைகள் இடப்புறமாக வளைந்து தோன்றும். புரட்டிய படியை எவ்வளவு சுழற்றினாலும் அது மூலத்தோடு பொருந்தாது. எனினும் நீளங்களும் கோணங்களும் மாறவில்லை. ஆகவே இரண்டும் சர்வசம உருவங்களே; மாறியது திசை மட்டுமே.

தொழிற்கூடங்களிலும் இவ்வுண்மைகளைக் காணலாம். கிருஷ்ணா மாவட்டத்துப் பெடனாவில் கலம்காரித் துணிகள் மர அச்சால் பதிக்கப்படுகின்றன. ஒரே அச்சை நகர்த்தி நகர்த்திப் பதிப்பது இடப்பெயர்ச்சி. அச்சில் செதுக்கிய உருவம் துணியில் இடவலம் மாறி விழுவது எதிரொளிப்பு. அலுவலக முத்திரையில் எழுத்துகள் இடவலம் மாறியிருப்பதன் காரணமும் இதுவே. திருப்பதியை அடுத்த காளஹஸ்தியிலோ கலம்காரி மூங்கில் எழுதுகோலால் கையாலேயே வரையப்படுகிறது. அங்கு ஒரே கரையில் வரும் இரு பூக்கள் ஏறக்குறைய ஒத்திருக்கும். அணுவளவும் பிசகாமல் பொருந்தமாட்டா. சர்வசமம் என்பது கணிதம் வகுத்த நிறைவான நிலை என்பதை விளக்க இவ்வேறுபாடு உதவும்.

கோலம் ஆராய்ச்சிக்கும் உரியதே. சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடனாய்வாளரும் கோல வகைகளைக் கணிப்பொறியியல் இலக்கணமாக வகுத்து 1974-இல் கட்டுரை வெளியிட்டனர்.

நாள்தோறும் வாயிலில் கால் சுற்றுத் திருப்பங்களைப் பிழையின்றி வரையும் சிறுமி, வகுப்பில் ‘சுழற்சி’ என்னும் சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அவள் கை அறிந்ததற்குப் பெயர் சூட்டுவதே ஆசிரியர் பணியாகும்.