பேரேட்டில் அழிப்பானுக்கு இடமில்லை

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்லவேண்டும். விடுமுறைக்குச் சென்ற நான், மூடுபனியைப் பார்க்காமல் மடிக்கணினியைத் திறந்தது என் பிழை.

புதிதாக வாங்கிய வன்தட்டு தானாக இணைய வேண்டும் என்பதற்காக, உபுண்டுவின் 'எஃப்எஸ்டேப்' என்னும் அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்க்க முயன்றேன். சேர்ப்பதற்கு '>>' இடவேண்டும். நான் '>' இட்டுவிட்டேன். முன்பிருந்த வரிகள் அனைத்தும் மறைந்து, என் ஒற்றை வரி மட்டும் எஞ்சியது. மகளின் கல்லூரித் திட்ட அறிக்கை இருந்த வட்டுப் பகுதியைக் கணினிக்கு அடையாளம் காட்டுவது அந்தக் கோப்புதான். நகல் ஏதும் இல்லை. மின்சாரமும் போயிருந்தது, மின்கலத்தில் பாதிதான் இருப்பு.

சிக்னல் கிடைக்கும் இடம்வரை நடந்து, கணினிப் பிரிவு நண்பரை அழைத்தேன்.

"சார், மெஷினை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க" என்றார்.

காரணம் எளிது. கோப்பு அழிந்தாலும், இயங்கிக்கொண்டிருக்கும் கணினி, எந்தப் பகுதி எங்கே இணைந்துள்ளது என்பதைத் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். '/ப்ரோக்/மவுண்ட்ஸ்' அந்தப் பட்டியலைக் காட்டும். 'பிஎல்கேஐடி' என்னும் கட்டளை ஒவ்வொரு பகுதியின் அடையாள எண்ணைத் தரும். இரண்டையும் ஒப்பிட்டு வரிவரியாக மீண்டும் எழுதினேன். 'மவுண்ட் -ஏ' கொடுத்துப் பிழை இல்லை என்று உறுதிசெய்த பிறகே அணைத்தேன்.

விண்டோஸ் பயன்படுத்துவோருக்குச் 'சிஸ்டம் ரெஸ்டோர்' உண்டு. அது அமைவுகளை முந்தைய நிலைக்குக் கொண்டுசெல்லும். தங்கள் சொந்த ஆவணங்களை மீட்டுத் தராது. சில கணினிகளில் அது முடக்கப்பட்டே இருக்கும் என்பதால், தங்கள் கணினியில் அது இயக்கத்தில் உள்ளதா என இன்றே பார்த்துவிடலாம்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான அமைவுக் கோப்பு ஒன்றால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அனுப்பிய 78 நிமிடங்களில் அந்தக் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் முடங்கிய கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அதைக் கையால் நீக்க நேர்ந்தது. நம் நாட்டில் 10 வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் மட்டுமே சிறு இடையூறு ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது.

வணிகவியல் படித்த எனக்கு ஒன்று உறுத்துகிறது. தவறான பதிவைக் கணக்கேட்டில் நாம் அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு இட்டுத் திருத்துகிறோம், பழையதும் கண்ணெதிரே நிற்கும். கணினியோ கேள்வி கேட்காமல் மேலெழுதிவிடுகிறது. இப்போது எந்த அமைவுக் கோப்பைத் தொடுவதற்கு முன்பும், தேதியிட்ட நகல் ஒன்றைப் பக்கத்திலேயே வைக்கிறேன். மகள் தன் அறிக்கையைப் பென் டிரைவிலும் வைத்துக்கொள்கிறாள். என்மீது நம்பிக்கை இல்லையாம்.