கல்லாவில் இல்லாத 'கேஷ்' செல்போனில் குவியுது! அழிக்கும் முன் உஷார்!

திண்டுக்கல்:

பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது இந்தப் பூட்டு. அதைப் போட்டுக் கல்லாவைக் காக்கும் கடைக்காரர், செல்போனில் ஒரே ஒரு பட்டனைத் தப்பாகத் தொட்டால் போதும். வரவு-செலவுக் கணக்கே காணாமல் போகலாம்!

எப்படி?

பஸ் நிலையத்தில் நின்று போட்டோ எடுக்கப் போனால், "இடமில்லை" என்கிறது போன். உள்ளே போய்ப் பார்த்தால், ஒரே ஒரு 'ஆப்' ஜி.பி. கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "நான் ஒண்ணுமே சேர்த்து வைக்கலையே!" என்று தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

மூன்று கணக்கு

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்சைத் திறந்தால், ஆப் பிடித்த இடம் மூன்றாகப் பிரித்துக் காட்டப்படும். ஒன்று ஆப். இரண்டாவது அதில் நீங்கள் சேர்த்த டேட்டா. மூன்றாவது 'கேஷ்'.

கேஷ் என்றதும் ரொக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்! அடிக்கடி கேட்கும் சரக்கை, குடோனுக்கு ஓடாமல் கல்லாப் பக்கத்திலேயே எடுத்து வைப்பதில்லையா? அந்த மாதிரிதான். ஒருமுறை பார்த்த படம், வீடியோவின் நகலை ஆப் எடுத்து வைத்துக்கொள்ளும். மறுபடி திறந்தால் சட்டென்று வரும். நெட்டும் மிச்சம்.

இரவல் இடம்

இந்த மூன்றுமே 'நிரம்பிய இடம்' என்றுதான் கணக்கில் ஏறும். ஆனால் கேஷ் பிடித்திருப்பது இரவல் இடம். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஒவ்வொரு ஆப்புக்கும் கேஷ் அளவு ஒதுக்கப்படுகிறது. இட நெருக்கடி வந்தால், அளவை மீறிய ஆப்புகளின் கேஷில் போனே முதலில் கை வைக்கும்.

ஐபோனும் நெருக்கடியில் கேஷைத் தானே துடைக்கும். எல்லா ஆப்புக்கும் பொதுவான கேஷ் பட்டன் அதில் கிடையாது.

விபரீத பட்டன்

ஆண்ட்ராய்டில் 'கிளியர் கேஷ்' தொட்டால் பயமில்லை. போன நகல் நெட்டில் திரும்ப வந்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா'வைத் தொட்டால்தான் வினை! சில போன்களில் அதன் பெயர் 'கிளியர் ஸ்டோரேஜ்'. லாகின் போகும். வேறெங்கும் நகல் இல்லாமல், அந்த ஆப்பில் மட்டுமே எழுதி வைத்த கடன் பாக்கியும் கோவிந்தா!

இடமில்லை என்றதும் பிள்ளைகள் போட்டோவை அழிக்க ஓடாதீர்கள். முதலில் கேஷ் எவ்வளவு என்று பாருங்கள். பூட்டைத் திறக்கும் முன் சாவியைப் பார்ப்பதுபோல, பட்டனைத் தொடும் முன் அதில் உள்ளதை ஒருமுறை படித்துவிடுங்கள்!