ஹாலோங் விரிகுடாவில் ஓர் இரவு

வியட்நாம் நாட்டின் வடகிழக்குக் கரையில், சீன எல்லைக்குச் சற்றுத் தெற்கே, ஹாலோங் என்றொரு விரிகுடா இருக்கிறது. 1,500 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்பரப்பில் ஏறத்தாழ 2,000 தீவுகள். தீவு என்றதும் நமக்கு மணற்கரையும் தென்னந்தோப்பும் நினைவுக்கு வரும். இவை அத்தகையன அல்ல. நீரிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். மிகப் பெரும்பாலானவற்றில் மனித வாசமே இல்லை. 1994-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வியட்நாமின் 200,000 டோங் நோட்டின் பின்புறத்திலும் இந்தக் குன்றுகளைத்தான் அச்சிட்டிருக்கிறார்கள்.

நண்பகலில் படகேறி, தீவுகளுக்கு நடுவே ஓர் இரவு தங்கி, மறுநாள் முற்பகலில் கரை திரும்புவது அங்கே வழக்கமான பயணம். கோலாலம்பூரில் தொழில் செய்யும் என் மச்சான் 2025 டிசம்பரில் தம் குடும்பத்தாருடன் எங்களையும் அழைத்துச் சென்றார். மத்ரஸா ஆசிரியரின் ஊதியத்திற்கு எட்டக்கூடிய பயணமல்ல இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. நான், என் துணைவியார், பதினான்கு வயது மகள், எழுபத்து நான்கு வயதான என் உம்மா ஆகியோர் சென்றோம்.

உள்ளூர்த் திருமணத்திற்கே வர மறுக்கும் உம்மா இந்தப் பயணத்திற்கு உடனே இசைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. உம்மாவின் வாப்பா சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் காரைக்காலிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலிருந்தும் நம்மவர் பலர் அங்கே கடல் கடந்து போய் வணிகம் செய்தனர். 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் டோங் டூ தெருவில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் நடுவே நிற்கிறது. அப்பள்ளியின் வாசலில் எடுத்த ஒரு நிழற்படம்தான் உம்மாவிடம் இருக்கும் ஒரே சொத்து. உம்மாவுக்கு ஒன்பது வயதாயிருக்கையில் அவர் அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமானார். ஹாலோங் நாட்டின் வடபகுதி, சைகோன் தென்பகுதி, இரண்டிற்கும் இடையே 1,700 கிலோமீட்டருக்கு மேல் என்று பலமுறை எடுத்துச் சொன்னேன். “ஒரே கடல்தானே மவனே!” என்று உம்மா முடித்துவிட்டார்.

புறப்படும் முன் எங்களுக்கு மூன்று கவலைகள் இருந்தன: உயிர்ப் பாதுகாப்பு, உணவு, தொழுகை.

முதல் கவலைக்குக் காரணமில்லாமல் இல்லை. 2025 ஜூலை 19 அன்று இதே விரிகுடாவில் திடீர்ப் புயற்காற்றில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2011 பிப்ரவரியில் நங்கூரமிட்டிருந்த படகொன்று விடியுமுன் மூழ்கியதில் பன்னிரண்டு பேர் உறக்கத்திலேயே உயிரிழந்தனர். ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்பே தவக்குல் என்பது நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடம். ஆகவே புயற்பருவம் முடிந்த டிசம்பரைத் தேர்ந்தோம்; நீர்மட்டத்தை ஒட்டிய கீழ்த்தள அறைகளை விடுத்து மேல்தள அறைகளைக் கேட்டு வாங்கினோம். படகில் ஏறியதும் மச்சான் செய்த முதல் காரியம், உயிர்காப்பு அங்கிகளை எண்ணிப் பார்த்ததும், அறைக் கதவு உள்ளிருந்து எளிதில் திறக்கிறதா என்று சோதித்ததுமாகும். பணியாளர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அப்போது பணம் போயிற்றே என்று சண்டையிடுவோரையும் கேள்விப்பட்டோம். அத்தகையோருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஹனோய் நகரில் ஒரே ஒரு பள்ளிவாசல்தான். அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய வணிகர்கள் கட்டியதே. அங்கே தொழுதுவிட்டு, வழக்கமாக வருவோரிடம் உணவைப் பற்றிக் கேட்டறிந்தோம். பன்றி இறைச்சி அந்நாட்டுச் சமையலில் எங்கும் கலந்திருக்கிறது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, கொழுப்பு எண்ணெயையும் எலும்புச் சாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றனர். படகுக்காரர்களுக்கு ஒரு வாரம் முன்பே எழுதியிருந்தோம். தனிப் பாத்திரம், தாவர எண்ணெய், கடலுணவும் காய்கறியும் மட்டும் என்று ஒப்புக்கொண்டிருந்தனர். அவ்வாறே செய்தார்கள், ஒரே ஒரு தவறு தவிர. இரவு உணவில் முதலாவதாக வந்த சூப் பன்றி எலும்புச் சாற்றில் செய்தது. என் மகள் கேட்டிராவிட்டால் தெரிந்திருக்காது. சமையற்காரர் தாமே வந்து தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டு, கிண்ணங்களை எடுத்துச் சென்றார். மாலையில் அவரே அரிசித்தாளில் சுருட்டிப் பொரிக்கும் ‘நெம்’ என்ற பண்டத்தை எங்கள் பெண்களுக்காக இறாலும் காளானும் மட்டும் வைத்துச் செய்து காட்டியிருந்தார்.

கடல் உணவிலும் எங்களுக்குள் ஒரு மஸ்அலா இருந்தது. நான் ஷாஃபிஈ. என் துணைவியார் ஹனஃபிக் குடும்பத்தில் பிறந்தவர். சிப்பியும் நண்டும் கணவாயும் எனக்கு ஹலால். அவர் மீனோடு நிறுத்திக்கொண்டார். இறாலில் ஹனஃபி உலமாக்களிடையே இருவேறு கருத்துண்டு. ஆகுமென்ற கருத்தை அவர் எடுத்துக்கொண்டார். தொழுகையிலும் அப்படியே. படகேறுமுன் துறைமுகத்திலேயே லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுது நான் கடமையை முடித்துவிட்டேன். அவரோ லுஹரை மட்டும் தொழுது, அஸரை அதன் நேரத்தில் படகறையில் நின்று தொழுதார். ஒரே குடும்பம் ஒரே படகில் இரு மத்ஹபின்படி நடந்து, ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

நண்பகல் கடந்து படகு நகர்ந்தது. குளிர்காலமாதலால் மெல்லிய மூட்டம். முதலில் அடிவானத்தில் சாம்பல் நிறக் கோடாகத் தெரிந்தவை, அருகே செல்லச் செல்ல ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து குன்றுகளாயின. கடலில் செல்லும் கப்பல்களை மலைகளுக்கு ஒப்பிட்டு அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையில் கூறுவதை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். இங்கே மலைகள் கப்பல்களாகத் தோன்றின. சுப்ஹானல்லாஹ் என்பதைத் தவிர நாவில் வேறு சொல் எழவில்லை.

இவையெல்லாம் ஒருகாலத்தில் தரைமீதிருந்த மலைகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையை அரிக்கிறது. யுகக்கணக்கில் அரித்து, உச்சிகளை மட்டும் விட்டுவைத்தது. பின்னர் பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்தது. குன்றுகளின் அடிவாரத்தைக் கடல்நீர் இன்றும் குடைந்து வருவதால், அவை இடுப்பு ஒடுங்கி நிற்கின்றன.

போ ஹோன் தீவிலுள்ள சுங் சோட் குகைக்கு உம்மா வரவில்லை, முழங்கால் வலி. படிகளில் ஏறி ஒடுக்கமான வாயிலுக்குள் நுழைந்தால், முதற்கூடம் சிறியது. அதைத் தாண்டியதும் ஒரு பெரிய ஜும்ஆப் பள்ளியையே உள்ளே வைத்துவிடலாம் போன்ற கூடம் விரிகிறது. 1901-இல் பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வியப்புக் குகை என்று பெயரிட்டது பொருத்தமே. மேலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் கீழிருந்து எழும் கல்முளைகளும் சொட்டுச் சொட்டாக வடிந்த நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பால் ஆனவை. ஓர் அங்குலம் வளர நூற்றாண்டுகள் ஆகும். வழிகாட்டியோ இது ஆமை, அது குதிரை, அதோ புத்தர் என்று விளக்கடித்துக் காட்டிக்கொண்டே போனார். கல்லைக் கல்லாகப் பார்க்க ஏன் மனிதனுக்கு இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரிவதில்லை. வண்ண விளக்குகளையும் குறைத்துக்கொண்டிருக்கலாம்.

சற்றுத் தள்ளி லுவோன் குகை. இது மலையைத் துளைத்துச் செல்லும் தாழ்ந்த நீர்வழி. மூங்கில் படகில் தலை குனிந்து சென்றால், நாற்புறமும் மலை சூழ்ந்த குளம் போன்ற இடத்தை அடையலாம். எங்கள் படகைச் செலுத்திய பெண் மிதக்கும் மீனவர் குடியிருப்பொன்றில் பிறந்தவர். தலைமுறைகளாகக் கடல்மேல் வீடு கட்டி வாழ்ந்த முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை 2014-இல் அரசு கரையில் குடியேற்றியது. புயலிலிருந்து காக்கவும், பிள்ளைகள் படிக்கவும், நீர் மாசடையாமலிருக்கவும் என்று காரணம் கூறினர். பிள்ளைகள் இப்போது நடந்தே பள்ளிக்கூடம் போகின்றனர், அது நல்லதே என்றார் அப்பெண். கணவர் மட்டும் இன்னமும் கடலுக்குப் போகிறார். முன்பு வாசலில் இருந்த மீனுக்கு இப்போது கரையிலிருந்து எண்ணெய் செலவழித்து வரவேண்டியிருக்கிறது. வந்து போவோர் காண மிதக்கும் வீடுகள் சிலவற்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அவற்றைப் படம் பிடிக்க எனக்குக் கை வரவில்லை.

இந்த விரிகுடாவின் தௌ கோ குகையைப் பற்றி ஒரு செவிவழிச் செய்தி உண்டு. 1288-இல் படையெடுத்து வந்த மங்கோலியரை எதிர்க்கத் தளபதி சான் ஹுங் தாவ் மரக்கழிகளை அங்கே சேமித்து வைத்தாராம். அருகிலுள்ள பாக் டாங் ஆற்றின் அடியில் கூரிய கழிகளை நட்டு, நீர் உயர்ந்திருக்கையில் எதிரிக் கப்பல்களை உள்ளே வரவிட்டு, நீர் வடிந்ததும் அவை கழிகளில் சிக்கி நொறுங்கச் செய்தார் என்பது வரலாறு. 1258-இல் பக்தாதைத் தரைமட்டமாக்கிக் கலீஃபாவைக் கொன்ற அதே மங்கோலியர்தான். நமது பேரரசின் தலைநகரால் தடுக்க முடியாத படையை இங்கே கடலின் ஏற்றவற்றம் தடுத்தது. என் மாணவர்களுக்கு இரு ஆண்டுகளையும் இனிச் சேர்த்தே சொல்லித்தர எண்ணியிருக்கிறேன்.

அந்த ஏற்றவற்றமே எங்களுக்கும் ஒரு பாடம் வைத்திருந்தது. ஐந்தேகால் மணிக்கே பொழுது சாய்ந்தது. படகு நங்கூரமிட்டு இயந்திரம் நின்றதும், மேல்தளத்தின் பின்மூலையைத் தொழுகைக்காகக் கேட்டோம். நாற்காலிகளை அகற்றித் தந்தார்கள். ஹாலோங்கும் மக்காவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆயினும் பூமி உருண்டையாதலால் கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து சுமார் 14 பாகை வடக்கே. திசைகாட்டியில் பார்த்து, ஒட்டகத் திமில் போன்ற ஒரு குன்றை நோக்கி மஃரிப் தொழுதோம். இஷாவையும் அதன் நேரத்தில் அங்கேயே தொழுதோம். கீழ்த்தளத்தில் பாட்டும் மதுவும் நடந்தன. ஒரு மணி நேரம் கழித்து அதுவும் அடங்கிற்று. படகின் ஓரத்தில் விளக்கைத் தொங்கவிட்டுக் கணவாய் பிடிக்க மகள் தூண்டிலோடு நின்றாள், ஒன்றும் அகப்படவில்லை.

உம்மா போர்வையைப் போர்த்துக்கொண்டு வெகுநேரம் வெளியே அமர்ந்திருந்தார். “சைகோன் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். தெற்கைக் காட்டினேன். அந்தப் பக்கமே பார்த்தபடி யாசீன் ஓதி, தம் வாப்பாவுக்காகக் கையேந்தி துஆச் செய்தார். நான் அருகே அமர்ந்து ஆமீன் சொன்னேன்.

சுபுஹுக்கு எழுந்து மேலே சென்றபோது இன்னும் இருள். உம்மா முந்தைய இரவு நின்ற அதே கைப்பிடிக் கம்பியை நோக்கித் தக்பீர் கட்டப்போனார். “வாப்பும்மா, கொஞ்சம் பொறுங்க” என்று மகள் கையைப் பிடித்தாள். திசைகாட்டியைக் கொண்டுவந்து பார்த்தால், கிப்லா படகின் மறுபக்கத்தில் இருந்தது. நம் கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். இங்கே ஒரே முறை. இரவில் நீரோட்டம் திசை மாறியதும் படகு நங்கூரத்தில் கட்டுண்டபடியே சுழன்று திரும்பியிருக்கிறது. உறங்கிய எங்களில் ஒருவரும் அதை உணரவில்லை. விரிப்புகளைத் திருப்பிப் போட்டுத் தொழுதோம். ஸலாம் கொடுத்துத் தலையுயர்த்தியபோது, எதிரே அதே ஒட்டகத் திமில் குன்று வெளிச்சத்தில் மெல்லத் தெரியத் தொடங்கியிருந்தது.

காலையில் தி தோப் தீவில் சிறிது நேரம். 1962-இல் சோவியத் விண்வெளி வீரர் தித்தோவ் ஹோ சி மின்னுடன் வந்ததன் நினைவாக வைத்த பெயர். நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் விரிகுடா முழுவதையும் காணலாம். மகள் ஏறினாள், நான் பாதியில் நின்றுகொண்டேன்.

பத்தரை மணியளவில் கரை சேர்ந்தோம். மூட்டைகள் இறங்கும்வரை உம்மா துறைமுகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மச்சானைக் கூப்பிட்டு, “தம்பி, இங்கிருந்து சைகோனுக்கு ரயில் உண்டா?” என்றார். ஹனோயிலிருந்து உண்டு, முப்பது மணி நேரத்துக்கு மேலாகும், விமானமென்றால் இரண்டு மணி நேரம் என்றார் மச்சான். எங்கள் திரும்பும் சீட்டு மறுநாள் இரவுக்கு. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து அந்த நிழற்படத்தை எடுத்துத் துடைத்தார். மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு சற்று ஒதுங்கி நின்று, சீட்டை மாற்ற முடியுமா என்று விமான நிறுவனத்துக்குப் பேசத் தொடங்கினார்.