மறைந்த இளவரசியின் நடனம்



ஒரு கலைப்படைப்பின் பெயரே அதனைப் பிழையாக விளங்கிக்கொள்ளக் காரணமாகிவிடுவதும் உண்டு. பிரெஞ்சு இசைமேதை மொரிஸ் ராவெல் 1899ஆம் ஆண்டில், தமது இருபத்து நான்காம் வயதில், தனிப் பியானோவுக்கென இயற்றிய சிறு படைப்பு இதற்கு நல்ல சான்றாகும். ‘மறைந்த இளவரசிக்கு ஒரு பவான்’ என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டோர், இறந்த இளவரசி யார் என்று வினவலாயினர்.

உண்மையில் எந்த இளவரசியின் மரணமும் இதற்குக் காரணமன்று. பவான் என்பது 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரசவைகளில் ஆடப்பெற்ற நடனம். ஆடவரும் மகளிரும் இருவர் இருவராகக் கைகோத்து, நிதானமாக அடியெடுத்து வைத்து, ஊர்வலம்போலச் செல்வர். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் தீட்டிய ஓவியங்களிலே பெரும் பாவாடை அணிந்து நிற்கும் அரசகுமாரி போன்ற ஒரு சிறுமி, முன்னொரு காலத்தில் ஆடியிருக்கக்கூடிய நடனத்தையே தாம் எண்ணியதாக ராவெல் விளக்கினார். பிரெஞ்சு மொழியில் அச்சொற்கள் இயைந்து ஒலிக்கும் இனிமைக்காகவே அப்பெயரைத் தெரிந்தெடுத்ததாகவும் கூறினார். ஆகவே, இது ஒப்பாரியன்று. கழிந்துபோன ஒரு காலத்தின் நினைவு.

இதன் அமைப்பு எளியது. முதலில் அமைதியான ஒரு மெட்டு எழுகின்றது. அதன் கீழே, நரம்புக் கருவியை விரலால் மீட்டினாற்போலச் சிறு சிறு ஒலிகள் நடையைக் காட்டுகின்றன. பின்னர் வேறொரு பகுதி, மீண்டும் முதல் மெட்டு, இன்னொரு பகுதி, முடிவில் மறுபடியும் அம்மெட்டு. பல்லவிபோலத் திரும்பி வரும் அம்மெட்டு, வருந்தோறும் செறிவான சுரக்கூட்டுக்களை அணிந்து வருகின்றது.

இதனை இயற்றியபோது ராவெல், பாரிஸ் இசைக் கல்லூரியில் காபிரியேல் போரேயிடம் பயின்றுகொண்டிருந்தார். படைப்பைப் பொலின்யாக் இளவரசிக்குக் காணிக்கையாக்கினார். தையற்பொறியாற் பெருஞ்செல்வம் ஈட்டிய ஐசாக் சிங்கரின் மகளே அவ்வம்மையார்; இசைவாணர் பலரை ஆதரித்தவர். 1902ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆந் திகதி, ராவெலின் நண்பர் ரிக்கார்டோ வின்யெஸ் இதனை முதன்முதலாக அரங்கில் வாசித்தார். கேட்டோர் உள்ளங்களில் அது விரைவில் இடம்பெற்றது. 1910இல் ராவெலே இதனைப் பல்லியத்துக்கு ஏற்ப அமைத்து, தொடக்க மெட்டைக் கொம்புக் கருவிக்கு அளித்தார்.

ஆயினும், இதனைக் கடுமையாகக் குறைகூறியவரும் அவரே. 1912இல் எழுதிய ஒரு விமரிசனத்திலே, இதன் வடிவம் வறியது என்றும், மூத்த இசையாசிரியர் ஷப்ரியேயின் சாயல் மிகுந்தது என்றும் குறிப்பிட்டார். பழைய கட்டுரையொன்றை எடுத்துக் காட்டினால், எழுதிய மாணாக்கனே நாணுவதை ஆசிரியர் அனைவரும் அறிவர். வளர்ந்தவனுக்குத் தன் இளமைப் பிழைகளே முன்னே தெரிகின்றன. அவ்விளமையில் இருந்த தூய்மையோ பிறர் கண்ணுக்கே தெரிகின்றது.

இதனை அளவுமீறித் தாமதமாக வாசித்த ஓர் இளைஞரிடம், இறந்தது இளவரசியேயன்றிப் பவான் அன்று என ராவெல் நகைச்சுவையாகக் கூறினாராம். அந்த நகைச்சுவையிலே இதனை வாசிக்கும் முறை முழுவதும் அடங்கியுள்ளது.

இறுதி ஆண்டுகளில் மூளைநோய் அவரை வாட்டியது. உள்ளத்திலே இசை ஒலித்தபோதும், அதனைத் தாளில் எழுத அவரால் இயலவில்லை. 1937ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி, அறுவைச் சிகிச்சையின் பின் காலமானார். அவர் குறைகண்ட அந்த இளமைப் படைப்போ இன்றும் உலகெங்கும் ஒலிக்கின்றது. அடுத்தமுறை அதனைக் கேட்க வாய்க்குமாயின், அழுகையைத் தேடாது, அச்சிறுமியின் நிதானமான அடிகளைச் செவிமடுத்துப் பாருங்கள்.